அவையிடம் எதை ஒப்படைப்பது? கணினியியல் மாநாடுகளில் பங்கேற்பு அமர்வுகள் அமைக்கப்படும் விதம்

இயற்பியலிலும் உயிரியலிலும் ஆய்வு முடிவுகள் முதன்மையாக ஆய்விதழ்களில் வெளியாகின்றன. மாநாடு என்பது அவற்றைப் பற்றிப் பேசிக்கொள்ளும் இடம். கணினி அறிவியலில் நிலைமை வேறு. அங்கே பல உட்பிரிவுகளில் மாநாட்டுக் கட்டுரையே இறுதி வெளியீடாகக் கருதப்படுகிறது; பதவி உயர்வும் ஆய்வு நிதியும் பெருமளவு அதைப் பொறுத்தே அமைகின்றன. ஏற்கப்பட்ட ஒவ்வொரு கட்டுரைக்கும் மேடை தந்தாக வேண்டும் என்பதால், ஓர் அமர்வில் மூன்று நான்கு பேர் வரிசையாகப் பேசுவதும், ஒவ்வொருவருக்கும் பிறகு ஓரிரு கேள்விகளுக்கு மட்டும் இடம் விட்டு அடுத்தவரை அழைப்பதும் வழக்கமாகிவிட்டன. 2009-இல் கணினியியலாளர்களின் சங்கமான ஏ.சி.எம். அமைப்பின் மாத இதழில் கணினி அறிவியலாளர் மோஷே வார்டியும், சில மாதங்கள் கழித்து அதே இதழில் இன்னொரு கணினி அறிவியலாளரான லான்ஸ் ஃபோர்ட்னோவும் இந்த ஏற்பாட்டைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். வெளியீட்டுப் பொறுப்பை ஆய்விதழ்களிடம் விட்டுவிட்டு, துறையினரை ஒன்றுசேர்க்கும் வேலைக்கு மாநாடுகள் திரும்ப வேண்டும் என்பது ஃபோர்ட்னோவின் வாதம்.

அந்த வாதம் முழுதாக வெற்றிபெறவில்லை என்றாலும், அதன் பின்னணியில் உள்ள கேள்வி மறையவில்லை. கட்டுரையை வீட்டிலிருந்தே தரவிறக்கிப் படிக்க முடிகிற காலத்தில், விமானம் ஏறி வந்து, இருட்டறையில் அமர்ந்து, அதே கட்டுரையின் சுருக்கத்தை இருபது நிமிடம் கேட்பதற்கு என்ன தேவை இருக்கிறது? நேரில் வந்தவர்களிடம் மட்டுமே கிடைக்கக்கூடிய ஒன்றை, அதாவது அவர்களுடைய அனுபவத்தையும் மறுப்பையும் தயக்கத்தையும், வெளியே கொண்டுவருகிற அமர்வுகளை மாநாடுகள் நெடுங்காலமாகவே முயன்றுவந்திருக்கின்றன. அவற்றில் சில நாற்பது ஆண்டுகளாக உயிரோடு இருக்கின்றன. வேறு பல ஒரே ஆண்டில் காணாமல் போயின.

தோற்றுப்போகிற அமர்வுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. உரைகளைக் குறைத்து நேரத்தைத் திறந்துவிட்டால் அவையினர் தாமாகப் பேசுவார்கள் என்பதே அந்த எண்ணம். நடைமுறையில் அவ்வாறு திறந்துவிடப்பட்ட நேரத்தை, கேள்வி கேட்கிற பாவனையில் சொந்த ஆய்வை விளக்குகிற இரண்டு மூத்த பேராசிரியர்கள் நிரப்பிவிடுகிறார்கள். நெடுங்காலம் நிலைத்த வடிவங்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: அவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரே ஒரு முடிவை அவையிடம் ஒப்படைத்து, மற்ற அனைத்தையும் சாதாரண உரை அமர்வைவிடக் கண்டிப்பாகத் தம் கையில் வைத்துக்கொள்கின்றன. எதை ஒப்படைப்பது என்பதை அமைப்பாளர் தெளிவாகத் தீர்மானித்திருக்கிறாரா என்பதே அமர்வின் தலையெழுத்தை எழுதுகிறது என்பது என் கணிப்பு.

இதன் மிகக் கறாரான எடுத்துக்காட்டு 1991-இல் லாஸ் வேகாஸில் நடந்த, கணினி வரைகலைக்கான சிக்கிராஃப் மாநாட்டில் அரங்கேறியது. பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரன் கார்ப்பென்டர், அரங்கில் கூடியிருந்த ஆயிரக்கணக்கானோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையுமான சிறு மட்டை ஒன்றைக் கொடுக்கச் செய்தார். அவையை நோக்கி வைக்கப்பட்ட ஒளிப்படக் கருவி அந்த நிறங்களைப் படிக்க, கணினி அவற்றை எண்ணித் திரையில் காட்டியது. பிறகு திரையில் தெரிந்த இரண்டு ஆட்ட மட்டைகளில் ஒன்றை அவையின் இடப்பாதியும் மற்றொன்றை வலப்பாதியும் இயக்க, எல்லோருமாகச் சேர்ந்து பாங் என்ற மேசைப்பந்து போன்ற கணினி விளையாட்டை விளையாடினார்கள். அதைத் தொடர்ந்து ஒரு விமானப் பயிற்சி மென்பொருளையும் அதே முறையில் ஓட்டிப் பார்த்தார்கள். தலைவர் இல்லை, யாரும் யாருக்கும் கட்டளையிடவில்லை, ஆனாலும் பந்து திரும்பி வந்தது. இங்கே ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது சிவப்பா பச்சையா என்ற ஒரே தேர்வு மட்டுமே. அந்தத் தேர்வின் விளைவு கண் முன்னால் உடனே தெரிந்தது. நிகழ்ச்சியை வெறும் வேடிக்கை என்று ஒதுக்குவது எளிது. கருத்து விவாதத்தைச் சிவப்பு பச்சைக்குள் அடக்க முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் தன் செயல் அமர்வின் போக்கை மாற்றியது என்பதை அவையில் இருப்பவர் சில நொடிகளுக்குள் காண வேண்டும் என்ற விதி, சொற்களால் நடக்கிற அமர்வுக்கும் அப்படியே பொருந்துகிறது.

உள்ளடக்கத்தையே அவையிடம் விட்டுவிடுகிற வடிவம், தகவல்களைப் பாதுகாக்கும் மறைக்குறியீட்டு முறைகளை ஆராயும் குறியாக்கவியலாளர்களுடையது. கலிஃபோர்னியாவின் சாந்தா பார்பராவில் ஆண்டுதோறும் கூடுகிற கிரிப்டோ மாநாட்டில் 1980-களின் தொடக்கத்திலிருந்து ‘ரம்ப் செஷன்’ என்ற மாலை அமர்வு நடந்துவருகிறது. மாநாட்டுக்கு வந்திருக்கும் யாரும், பல மாதங்களுக்கு முன் கட்டுரை அனுப்பியிராதவரும்கூட, சில நிமிடங்கள் பேச அங்கே இடம் கேட்கலாம். புதிய முடிவுகள், பாதி முடிந்த ஆய்வுகள், அறிவிப்புகள், துறையினருக்கு மட்டுமே புரிகிற கிண்டல்கள் எல்லாம் கலந்து வரும். அமர்வுத் தலைவர் தம்மிடம் வைத்துக்கொள்வது நேரத்தை மட்டும்தான். அதில் அவர் எவருக்கும் சலுகை காட்டுவதில்லை. பேச்சு மோசமாக இருந்தாலும் மூன்று நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும் என்ற உறுதி அவைக்கு இருப்பதால், எதையும் கேட்டுப் பார்க்கிற தாராள மனநிலை உருவாகிறது.

அந்தத் தாராளத்தின் பயனை இரண்டு மாலைகள் காட்டுகின்றன. 2004 ஆகஸ்டில் சீன ஆய்வாளர் வாங் சியாவ்யுன் தம் குழுவின் சார்பில், எந்தத் தரவுக்கும் ஒரு குறுகிய அடையாளத்தைக் கணித்துத் தரும் எம்.டி.5 என்ற சுருக்கச் சார்பில் மோதல்களை, அதாவது ஒரே சுருக்கத்தைத் தருகிற வெவ்வேறு தரவுகளை, அந்த அமர்வில்தான் அறிவித்தார். அவை எழுந்து நின்று கைதட்டியது. உலகெங்கும் பயன்பாட்டில் இருந்த ஒரு முறை உடைந்துபோன செய்தி, முறையான நிகழ்ச்சி நிரலில் இடம்பெறாத ஒரு குறும்பேச்சாக வந்தது. 2007-இல் மைக்ரோசாஃப்டைச் சேர்ந்த டான் ஷுமோவும் நீல்ஸ் ஃபெர்குசனும், அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் ஏற்றிருந்த ஒரு சமவாய்ப்பு எண் உருவாக்கியில், அதன் மாறிலிகளைத் தேர்ந்தெடுத்தவருக்கு, அடுத்து வரும் எண்களைக் கணிக்க உதவும் பின்வாசல் ஒன்று இருக்கக்கூடும் என்பதை அதே அமர்வில் சில நிமிடங்களில் விளக்கினார்கள். 2013-இல் அமெரிக்க உளவு அமைப்பின் ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடனின் ஆவணங்களை ஒட்டி எழுந்த செய்திகளுக்குப் பிறகு அந்த உருவாக்கியை நிஸ்ட் தன் தரத்திலிருந்து நீக்கியது. வழக்கமான மதிப்பாய்வு வழியில் இந்த எச்சரிக்கை வெளிவர எவ்வளவு காலம் பிடித்திருக்கும் என்று ஊகிப்பதில் பயனில்லை. ஆனால் அன்றே சொல்ல வேண்டியதை அன்றே சொல்ல ஒரு கதவு திறந்திருந்தது என்பது முக்கியம்.

முற்றிலும் எதிர்த்திசையில் இயங்குகிற வடிவம் ஒன்றும் உண்டு. மென்பொருள் வடிவமைப்பில் திரும்பத் திரும்ப வரும் தீர்வுகளைத் தொகுக்கிறவர்கள் 1994-இல் இல்லினாயில் உள்ள ஆலர்ட்டன் பூங்காவில் தொடங்கிய ப்ளாப் மாநாட்டில் கட்டுரையை ஆசிரியர் விளக்குவதே இல்லை. கவிஞரும் கணினி அறிவியலாளருமான ரிச்சர்ட் கேப்ரியல், படைப்பிலக்கியப் பட்டறைகளின் நடைமுறையை இந்தக் குழுவுக்குள் கொண்டுவந்தார். சுமார் பத்துப் பேர் வட்டமாக அமர்கிறார்கள். எல்லோரும் கட்டுரையை முன்பே படித்துவந்திருக்க வேண்டும். ஆசிரியர் தமக்கு முக்கியமாகப் படுகிற ஒரு பத்தியை உரக்க வாசித்துவிட்டு வட்டத்திலிருந்து சற்று விலகி அமர்கிறார். அதன்பின் அவர் பேசக் கூடாது. அறையில் இருப்பவர்கள் அவரைப் பார்த்துப் பேசக் கூடாது. ‘நீங்கள்’ என்று சொல்லாமல் ‘ஆசிரியர்’ என்றே குறிப்பிட வேண்டும். ஒருவர் கட்டுரை என்ன சொல்கிறது என்று சுருக்குகிறார். பிறகு நன்றாக அமைந்தவை எவை என்று பேச்சு நடக்கிறது. அது முடிந்த பிறகே எங்கே எப்படித் திருத்தலாம் என்ற பகுதி தொடங்குகிறது. கடைசியில் ஆசிரியர் வட்டத்துக்குத் திரும்பி, தமக்குப் புரியாத கருத்துகளுக்கு மட்டும் விளக்கம் கேட்கலாம். தம் கட்டுரைக்காக வாதாட அனுமதி இல்லை.

முதல் முறையாக இதில் அமர்கிறவருக்கு அந்த மௌனம் ஒரு தண்டனையாகத் தோன்றும். உண்மையில் அதுதான் இந்த வடிவத்தின் அச்சாணி. வழக்கமான கேள்வி நேரத்தில் ஒருவர் குறை சொன்னதும் ஆசிரியர் பதில் சொல்கிறார். அந்தப் பதிலோடு குறை அடங்கிவிடுகிறது. மற்றவர்களுக்கும் அதே குறை தோன்றியதா என்பது தெரியாமலே போகிறது. ஆசிரியரின் வாய் கட்டப்பட்ட அறையிலோ, ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கிறார், மூன்றாமவர் இருவரையும் இணைக்கிறார், கட்டுரை தன் சொற்களை மட்டும் நம்பி நிற்கிறது. படிக்கிறவர் கையில் இந்தக் கட்டுரை தனியாகச் சேரும்போது என்ன நடக்கும் என்பதை ஆசிரியர் தம் காதால் கேட்கிறார். நான் அறிந்த பங்கேற்பு வடிவங்களில் இதுவே ஆசிரியருக்கு அதிகப் பயன் தருவது என்று நினைக்கிறேன். ஆனால் படிக்காமல் வருகிற அவைக்கு இது துளியும் உதவாது என்பதால், நூறு பேர் கூடுகிற பொது அமர்வுக்கு இதை அப்படியே எடுத்துச் செல்ல முடியாது.

பொது மாநாடுகளில் மிகப் பரவலாகக் காணப்படுவது ‘பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்’ என்ற, சுருக்கமாக ‘பாஃப்’ என்று எல்லோரும் சொல்கிற, ஒத்த ஆர்வமுடையோர் கூட்டம். கணினிக் கல்விக்கான சிக்சி மாநாட்டிலும், உயர்திறன் கணிப்புக்கான சூப்பர்கம்ப்யூட்டிங் மாநாட்டிலும் இவை ஆண்டுதோறும் இடம்பெறுகின்றன. பெயரளவில் இவை அவையினரின் கூட்டங்கள். நடைமுறையில் பலவும் அழைப்பாளர் இருபது பட வில்லைகளோடு வந்து பேசுகிற சிறு உரைகளாகச் சுருங்கிவிடுகின்றன. இந்த வடிவத்தைப் பற்றி மிகத் தெளிவாகச் சிந்தித்தவர்கள் கல்விப்புலத்துக்குச் சற்று வெளியே இருக்கிறார்கள். இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பில் ஒரு பணிக்குழுவைத் தொடங்கலாமா என்பதைப் பொதுவாக ஒரு பாஃப் கூட்டத்தில்தான் ஆராய்கிறார்கள். அதை எப்படி நடத்துவது என்பதற்கென்றே 2009-இல் ஆர்.எஃப்.சி. 5434 என்ற ஆவணம் வெளியிடப்பட்டது. கூட்டத்துக்கு முன்பே சிக்கலின் வரையறையை எழுதிச் சுற்றுக்கு விட வேண்டும். தீர்வைப் பற்றிய சண்டையில் இறங்குவதற்கு முன் சிக்கல் இதுதான் என்பதில் உடன்பாடு வேண்டும். கூட்டத்தின் இறுதியில் அவையிடம் கேட்கப்போகும் கேள்விகளை முன்னதாகவே வடித்துவைத்திருக்க வேண்டும் என்பன அதன் சாரம்.

அந்தக் கேள்விகள் எப்படிப்பட்டவை என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. ‘இது முக்கியமான தலைப்பு என்று நினைக்கிறீர்களா’ என்று கேட்டால் எல்லா அவையும் ஆம் என்றே சொல்லும். ‘இந்த வரையறை உங்களுக்குப் புரிகிறதா’, ‘இதன் ஆவணத்தை எழுத யார் முன்வருகிறீர்கள்’, ‘எழுதியதைப் படித்துக் கருத்துச் சொல்ல எத்தனை பேர் தயார்’ என்று கேட்கும்போது அறையில் சட்டென ஓர் அமைதி விழும். அந்த அமைதியும் ஒரு விடைதான். இந்த அமைப்பில் கை தூக்குவதற்குப் பதிலாக முனகி ஒலியெழுப்பும் பழக்கமும் உண்டு: ஒரு கருத்தை ஆதரிப்பவர்கள் வாய் திறக்காமல் ‘ம்’ என்று ஒலிக்க, பிறகு எதிர்ப்பவர்கள் ஒலிக்க, தலைவர் இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்கிறார். அது வாக்கெடுப்பு அன்று, எங்கே கருத்து வேறுபாடு இருக்கிறது என்று அறிந்து அங்கிருந்து பேச்சைத் தொடங்குவதற்கான வழி என்று 2014-இல் வந்த ஆர்.எஃப்.சி. 7282 விளக்குகிறது. பங்கேற்பு அமர்வுகளில் வாக்கெடுப்பு நடத்துகிற பலரும் எண்ணிக்கை வந்ததும் பேச்சை முடித்துவிடுகிறார்கள். உண்மையில் அந்த இடத்தில்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

வடிவம் எதுவாக இருந்தாலும், யார் பேசுகிறார்கள் என்பதைத் தற்செயலுக்கு விடுவது நியாயமான ஏற்பாடு ஆகாது. 10 நாடுகளில் 35 நிறுவனங்களில் நடந்த 247 துறைக் கருத்தரங்குகளைக் கவனித்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, அவையில் இருந்த ஆண்கள் கேள்வி கேட்கும் வாய்ப்பு பெண்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு அதிகம் என்று கண்டது. முதல் கேள்வியை ஓர் ஆண் கேட்டுவிட்டால் அடுத்துவரும் கேள்விகளில் பெண்களின் பங்கு மேலும் குறைந்தது. அதாவது முதல் கேள்விக்கு ஒலிவாங்கி யாரிடம் போகிறது என்பது நெறியாளர் எடுக்கிற மிகப் பெரிய முடிவுகளில் ஒன்று. அதை முன்வரிசையில் முதலில் கையைத் தூக்குகிறவரிடம் இழந்துவிடக் கூடாது. நடைபாதையில் ஒலிவாங்கியை நட்டுவைத்து வரிசையில் நிற்கச் சொல்லும் வழக்கம் பார்வைக்குச் சமத்துவம்போலத் தோன்றும். ஆனால் இருக்கையிலிருந்து எழுந்து, எல்லோரும் பார்க்க நடந்து, ஐந்து பேருக்குப் பின்னால் நிற்கத் துணிவுள்ளவரை மட்டுமே அது தேர்ந்தெடுக்கிறது. வரிசையில் நிற்பவர் தம் முறை வரும்போது பேச்சு வேறு பக்கம் போயிருந்தாலும், காத்திருந்த கேள்வியையே கேட்பார். விவாதம் ஓர் இழையாக நகராமல் துண்டுதுண்டாகச் சிதறுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இதற்குப் பழைய மருந்து ஒன்று இருக்கிறது: பேசுவதற்கு முன் எழுதச் சொல்வது. கூட்டாக உட்கார்ந்து எண்ணங்களைச் சொல்லும் குழு, அதே எண்ணிக்கையினர் தனித்தனியாக யோசித்து எழுதியதைவிடக் குறைவான எண்ணங்களையே தருகிறது என்பதையும், தன் முறைக்காகக் காத்திருப்பதே அதற்குப் பெரிய தடை என்பதையும் 1987-இல் டீல், ஸ்ட்ரோபே ஆகிய உளவியலாளர்கள் சோதனைகளால் காட்டினார்கள். அவையினருக்கு ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்து இரண்டு நிமிடம் எழுதச் செய்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினால், கூச்ச சுபாவமுடையவரின் கையிலும் சொல்வதற்கு ஒரு வாக்கியம் இருக்கும். நெறியாளர் அட்டைகளைப் பார்த்து, ‘இங்கே ஒருவர் நேர்மாறாக எழுதியிருக்கிறார், அதிலிருந்து தொடங்கலாம்’ என்று சொல்ல முடியும். செலவில்லாத ஏற்பாடு, ஆனால் அந்த இரண்டு நிமிட அமைதியைத் தாங்க முடியாமல் நடுவில் பேசிக் கெடுக்காத நெறியாளர் அரிது.

மீன்தொட்டி என்ற வடிவமும் இதே சிக்கலுக்கு வேறு விடை தருகிறது. அறையின் நடுவே ஐந்து நாற்காலிகள், அவற்றைச் சுற்றி மற்றவர்கள். ஐந்தில் நான்கில் மட்டுமே ஆட்கள் இருப்பார்கள். பேச விரும்பும் எவரும் காலியான ஐந்தாவதில் வந்து அமரலாம். அவர் அமர்ந்தவுடன் ஏற்கெனவே இருப்பவர்களில் ஒருவர் எழுந்து வெளியேற வேண்டும். இதில் அவையிடம் ஒப்படைக்கப்படுவது குழுவின் உறுப்பினர் யார் என்ற முடிவு. அறிஞர் குழு உரையாடலுக்கு மாற்றாக இது நன்றாகவே பயன்படுகிறது. ஆனால் திருகாணியால் தரையில் பிணைக்கப்பட்ட நாற்காலிகள் வரிசையாக நிற்கும் விரிவுரை அரங்கில் இதை நடத்தவே முடியாது. அறையின் வகையை ஒதுக்கீட்டுக் குழுவிடம் எழுத்தில் கேட்டுப் பெறாத அமைப்பாளரின் திட்டம் முதல் நாளே சரிந்துவிடும். நம் ஊர்க் கல்லூரிகளில் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று மேடையை நிரப்பிவிட்டு, உணவு இடைவேளைக்கு முந்தைய ஐந்து நிமிடத்தைக் ‘கலந்துரையாடல்’ என்று அச்சிடுகிறவர்களுக்கு இந்தக் கவலையே எழுவதில்லை.

ஒரு முழு அமர்வை இந்த வகையில் எப்படித் திட்டமிடலாம் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மாணவர் கையில் இருக்கும்போது முதலாண்டு நிரலாக்கத் தேர்வை எப்படி நடத்துவது என்பது தலைப்பு; 75 நிமிடங்கள்; அறுபது ஆசிரியர்கள் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பை அப்படியே அவையிடம் கொடுத்தால் புலம்பல்களே மிஞ்சும். அதற்குப் பதிலாக, உண்மையான தேர்வுத்தாள் ஒன்றின் மூன்று வினாக்களை அச்சிட்டு ஒவ்வொரு மேசையிலும் வைக்கலாம். தொடக்க உரை ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அதன்பின் ‘இந்த மூன்றில் எதை உங்கள் அடுத்த தேர்வில் வைத்துக்கொள்வீர்கள்’ என்று கேட்டு, ஒவ்வொருவரும் தனியாக அட்டையில் குறிக்க வேண்டும். பிறகு தம்மோடு ஒத்துப்போகாத ஒருவரைத் தேடிப் பிடித்து ஏழெட்டு நிமிடம் பேச வேண்டும். அதன் முடிவில் அதே கேள்விக்கு மீண்டும் குறிக்க வேண்டும். இரண்டு எண்ணிக்கைகளையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதும், ‘மனம் மாறியவர்கள் யார், எந்த வாதம் உங்களை மாற்றியது’ என்று நெறியாளர் கேட்கிறார். அமர்வின் மீதி நேரம் முழுவதும் அந்த ஒரே கேள்வியில் ஓடும்.

முதலில் தனியாக விடையளித்து, பக்கத்தில் இருப்பவரோடு வாதிட்டு, மீண்டும் விடையளிக்கும் இந்த முறை ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-இல் தம் வகுப்பில் தொடங்கியது. பிறகு கணினிக் கல்வியாளர்களும் அதைத் தங்கள் வகுப்புகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். வகுப்பில் சரியான விடை ஒன்று உண்டு, மாநாட்டில் பெரும்பாலும் இல்லை. அதனால் இங்கே இரண்டாவது எண்ணிக்கையைவிட மாற்றத்துக்கான காரணங்களே பயனுள்ளவை. அமைப்பாளர் கவனிக்க வேண்டிய மற்றொன்று: அவையிடம் ஒப்படைக்கப்பட்டது வினாக்களின் மதிப்பீடு மட்டுமே. வினாக்கள் எவை, யாரோடு பேச வேண்டும், எத்தனை நிமிடம், என்ன குறிக்க வேண்டும் என்ற அனைத்தையும் அமைப்பாளர் முன்பே முடிவுசெய்துவிட்டார். பங்கேற்பவர்களுக்கு இது கட்டுப்பாடாகத் தோன்றுவதில்லை; அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற குழப்பம் இல்லாததால்தான் அவர்கள் தலைப்பைப் பற்றிப் பேசுகிறார்கள்.

கைப்பேசிவழிக் கேள்விக் கருவிகள், ஸ்லைடோ போன்றவை, இப்போது எல்லா அரங்குகளிலும் நுழைந்துவிட்டன. பெயர் சொல்லாமல் கேள்வியை எழுதலாம், மற்றவர்கள் அதை ஆதரிக்கலாம், ஆதரவு அதிகம் பெற்றது மேலே வரும். பெரிய அரங்கில், குறிப்பாக ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு, இது நல்ல உதவி. ஆனால் முதல் சில நிமிடங்களில் இடப்பட்ட கேள்வி மேலே போய்விட்டால், மேலே இருப்பதாலேயே மேலும் ஆதரவு பெறும். உரையின் பிற்பகுதியைக் கவனித்து எழுந்த கூரிய கேள்வி அடியிலேயே கிடக்கும். நெறியாளர் பட்டியலை மேலிருந்து கீழாக வாசிப்பதை விட்டுவிட்டு, இடையிலிருந்து ஒன்றை எடுத்து, எழுதியவர் விரும்பினால் எழுந்து விரித்துச் சொல்லச் செய்வதே நல்லது. ஐம்பது பேருக்குக் குறைவான அறையில் இந்தக் கருவிகளே வேண்டாம் என்பேன். எல்லோரும் குனிந்து கைப்பேசியைப் பார்க்கிற அறையில் முகம் பார்த்துப் பேசுவது கடினம்.

ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்காத பங்கேற்பும் உண்டு. கணினிக் கல்விக்கான ஐடிக்சி மாநாட்டின் பணிக்குழுக்களில் சேருகிறவர்கள், மாநாட்டுக்குப் பல வாரங்களுக்கு முன்பே தொலைவிலிருந்து வேலையைத் தொடங்கி, மாநாட்டின்போது ஒன்றாக அமர்ந்து உழைத்து, அறிக்கை எழுதுகிறார்கள். 2001-இல் கேன்டர்பரியில் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையில் இயங்கிய குழு, நான்கு பல்கலைக்கழகங்களின் 216 மாணவர்களுக்கு ஒரே வகைப் பயிற்சிகளைக் கொடுத்துப் பார்த்தது. 110-க்குச் சராசரி மதிப்பெண் 22.89. தத்தம் வகுப்பில் ஏதோ கோளாறு என்று எண்ணியிருந்த ஆசிரியர்களுக்கு, அது எல்லா இடத்திலும் உள்ள சிக்கல் என்று தெரிந்தது. 2004-இல் லீட்ஸில் கூடிய மற்றொரு குழு, மாணவர்களால் நிரலை எழுத முடியவில்லையா அல்லது படித்துப் புரிந்துகொள்ளவே முடியவில்லையா என்று அதன் தொடர்ச்சியாக ஆராய்ந்தது. ஒரு மேடை உரையால் இத்தகைய முடிவை எட்டியிருக்க முடியாது, ஏனென்றால் தரவு பங்கேற்பவர்களின் சொந்த வகுப்பறைகளில் இருந்தது.

இன்னும் ஒரு படி மேலே போகிறது ஜெர்மனியின் சார்லாந்தில் 1990 முதல் இயங்கும் டாக்ஸ்டூல் மையம். முப்பது முதல் நாற்பத்தைந்து பேர்வரை ஒரு வாரம் ஒரே வளாகத்தில் தங்குகிறார்கள். யார் எப்போது எதைப் பேசுவது என்பதன் பெரும்பகுதி அங்கே வந்த பிறகே உருவாகிறது. நிகழ்ச்சி நிரலை இவ்வளவு தளர்வாக விட்டவர்கள் உணவு மேசையில் மட்டும் தளர்வு காட்டுவதில்லை: பெயர் எழுதிய அட்டைகளைக் குலுக்கல் முறையில் இடம் மாற்றி வைக்கிறார்கள், கிடைத்த இடத்தில்தான் அமர வேண்டும். பழைய நண்பர்கள் ஒரே மூலையில் ஒட்டிக்கொள்வதைத் தடுக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

2020 மார்ச்சில் போர்ட்லேண்டில் சிக்சி மாநாடு, பலர் ஊருக்கு வந்துசேர்ந்த பிறகு, கொரோனா பெருந்தொற்றால் ரத்துசெய்யப்பட்டது. அடுத்த மாதம் அடிஸ் அபாபாவில் கூடவிருந்த, இயந்திரக் கற்றலுக்கான ஐ.சி.எல்.ஆர். மாநாடு முழுமையாக இணையத்துக்கு மாறியது. உரைகளை முன்பே பதிவுசெய்து வைத்துவிட்டு, நேரலை நேரத்தைக் கேள்விகளுக்கும் உரையாடலுக்கும் ஒதுக்கும் ஏற்பாடு அந்தக் கட்டாயத்தில் பரவலானது. கேள்விகள் எழுத்தில் வந்ததால் இதுவரை வாய் திறக்காதவர்களும் கேட்டார்கள். இழப்பும் இருந்தது: சிறு அறைகளாகப் பிரித்து அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் அந்த நொடியிலேயே இணைப்பைத் துண்டித்துவிடுகிறார்கள் என்பது அத்தகைய அமர்வை நடத்திய எவருக்கும் தெரியும். நேரில் வந்தவர்களும் இணையத்தில் இருப்பவர்களும் கலந்த அமர்வே எல்லாவற்றிலும் கடினமானது. இணையத்தில் இருப்பவர்களுக்காக மட்டும் பேசுகிற ஓர் ஆளை அறையில் உட்கார வைக்காவிட்டால் அவர்கள் வெறும் பார்வையாளர்களாகிவிடுவார்கள்.

இத்தகைய அமர்வுகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கும் ஓர் இக்கட்டு உண்டு. கட்டுரையை மதிப்பிடலாம்; இன்னும் நடக்காத உரையாடலை எப்படி மதிப்பிடுவது? அதனால் மதிப்பாய்வாளர்கள் புகழ்பெற்ற பெயர்களைத் தேடுகிறார்கள். விண்ணப்பிப்பவர்களும் ஐந்து பெயர்களை அடுக்குகிறார்கள். ஐந்து பேரும் ஆளுக்குப் பத்து நிமிடம் பேசியதும் அவைக்கு எதுவும் மிச்சமில்லை. விண்ணப்பத்தில் பெயர்களைவிட வேறு சிலவற்றைக் கேட்பது பயன் தரும்: அவை எடுக்கப்போகும் முடிவு எது, அவர்கள் கையில் என்ன பொருள் தரப்படும், எட்டுப் பேர் வந்தால் என்ன செய்வீர்கள், எண்பது பேர் வந்தால் என்ன செய்வீர்கள். கடைசி இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடையை எழுதுகிறவர் அமர்வைத் திட்டமிடவில்லை என்று முடிவு கட்டலாம்.

அதே விண்ணப்பத்தில் குறிப்பெடுப்பவர் யார் என்பதற்கும் ஓர் இடம் வேண்டும். நெறியாளரே குறிப்பும் எடுக்க முடியாது. இரண்டும் முழுக் கவனத்தைக் கேட்கும் வேலைகள். பேசியவர் பெயரோடு குறிக்கலாமா, கருத்தை மட்டும் குறிக்க வேண்டுமா என்பதை அமர்வின் முதல் நிமிடத்திலேயே அறிவித்துவிட வேண்டும். தம் கல்லூரியின் தேர்வு முறை தோற்றதைப் பற்றி ஒருவர் வெளிப்படையாகப் பேசுவதும், பொதுவாக நான்கு வார்த்தை சொல்லி அமர்வதும் அந்த அறிவிப்பைப் பொறுத்தது. குறிப்புகளை இரண்டு வாரத்துக்குள் பங்கேற்றவர்களுக்கு அனுப்பி, தம் கருத்து தவறாகப் பதிவாகியிருந்தால் திருத்தச் சொல்லி, அதன்பின் பொதுவில் வைக்கலாம். டாக்ஸ்டூல் தன் கருத்தரங்கு ஒவ்வொன்றின் அறிக்கையையும் எவரும் படிக்கும்படி வெளியிடுகிறது. வரமுடியாதவர்கள் படிக்கிறார்கள், அடுத்த ஆண்டு அதே தலைப்பில் விண்ணப்பிப்பவர்கள் முந்தையவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார்கள்.